இரண்டாவது வரியில் 786

மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஆறு வருஷமாகக் கோப்பு தேடித் தேடியே ஹிஸானாவுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் இருபது முப்பது காகிதம். ஸ்கேன் செய்ததை ஆளாளுக்குத் தோன்றிய இடத்தில் போட்டுவைப்பார்கள், மகராசர்கள். பொறுக்கமாட்டாமல் அவளே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கண்டெய்னர் எண்ணைக் கொடுத்தால் போதும், தேடும் கமாண்டுகளை அதுவே வரிசையாக ஓட்டி, கோப்பு எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடும். முதல் வரி கணினிக்கு. இரண்டாவது வரியில் 786, பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதும் எண். வாப்பா அபூபக்கர் மளிகைச் சீட்டில்கூட அதைத் தலைப்பில் போடாமல் பேனாவை நகர்த்தமாட்டார், அந்தப் பழக்கம். மூன்றாவது வரியில் அவள் பெயர்.

அதை முதலில் காட்டியது சின்னம்மா மகன் ஷமீலிடம். பள்ளுருத்தியிலிருந்து வரும் அவனுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவளே அவள்தான். அக்காவை லாத்தா, லாத்தா என்று சுற்றிவருவான். மத்தியானம் அவள் டிபன் பாக்ஸில் பாதி அவனுக்கு.

திங்கட்கிழமை மேனேஜர் கிருஷ்ணபிரசாத் எல்லோரையும் கூப்பிட்டார். "ஷமீல் அடிபொளியா ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கான். காக்கநாட்டுப் புது ஆபீஸுக்கு அவன்தான் இன்சார்ஜ்."

அந்தப் பதவிக்குத்தான் ஹிஸானா இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

"நீயேவா எழுதினே?" என்று அவனைக் கேட்டாள்.

"ஆமா லாத்தா, சொந்தமாத்தான்" என்றான், நாக்குக் கூசாமல்.

சந்தேகப்படவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்டுகளில், 786 தனி வரியாக உள்ளவற்றை மட்டும் தேடச் சொல்லி நாலு கமாண்டை எழுதி ஓட்டினாள். இரண்டு கோப்பு வந்தது. ஒன்று அவளுடையது. மற்றது ஷமீலின் ஃபோல்டரில். திறந்தால், அத்தனையும் அவள் எழுதிய வரிகள். மூன்றாவது வரியில் மட்டும் அவன் பெயர். அடப்பாவி, தின்ற சோறு செரிப்பதற்குள்ளேயா!

இரண்டையும் இணைத்துக் கிருஷ்ணபிரசாத்துக்கு மெயில் எழுதினாள். அனுப்பக் கை வரவில்லை. சின்னம்மாவின் முகம் வந்து நின்றது. ஷமீலைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். தப்புதான் லாத்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மெயிலை அங்கேயே அழித்திருப்பாள்.

"என் பேரை அழிச்சே. 786-ஐ மட்டும் ஏன்டா விட்டுவச்சே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதை எப்படி லாத்தா அழிக்கிறது? பாவமில்லையா?"

ஹிஸானா மெயிலை அனுப்பிவிட்டாள்.