எடுக்காத பொட்டலம்

2004-இல் சிதம்பரத்தில் படிப்பு முடிந்த கையோடு, நானும் கூடப் படித்த அவனும் காளி கோயிலில் பூ கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தால் இரண்டு வீட்டிலும் கல்யாணத்துக்குப் பேசுவது, சிவப்பு வந்தால் பிரிந்துவிடுவது. பூவுக்கு ஒன்றாக இரண்டு பொட்டலங்களை அவன்தான் கட்டிக்கொண்டு வந்தான். அம்மன் காலடியில் இரண்டையும் வைத்து வேண்டிக்கொண்டு, வலது பக்கம் இருந்ததை நான் எடுத்தேன். சிவப்பு அரளி. மற்றதைப் பிரிக்கக் கூடாது என்றான், பிரிக்கவில்லை. அவனும் அழுதான்.

அடுத்த வருஷம் கடலூரில் வாழ்க்கைப்பட்டேன். குறை சொல்ல முடியாத மனிதர். ஆனாலும் அவர் முகம் சுளித்த நாளிலெல்லாம், இடது பக்கத்தை எடுத்திருக்கலாமே என்று என் கையைத்தான் திட்டிக்கொண்டேன்.

2011-இல் எப்படியோ நம்பர் பிடித்துப் போன் செய்தான். ஒரு மாதம் பேசினோம். பிறகு ஒரு நாள் தோழியைப் பார்க்கப் போவதாக வீட்டில் புளுகிவிட்டு, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

கீழவீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் காபி சொன்னான். முன்வழுக்கை விழுந்திருந்தது. தங்கைக்கு வரன் வந்திருக்கிறதாம், அம்மா பூ கட்டிப் பார்க்கச் சொல்கிறாராம். சொல்லும்போதே சிரித்தான்.

"இதெல்லாம் சும்மா. அன்னிக்கு ரெண்டுலயும் செவப்புதான் வச்சுக் கட்டுனேன். எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். உன் மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியல."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சண்ட போடுவ. சாமி சொன்னா கேட்டுக்குவ, இல்ல?"

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னை விட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கையாலேயே எடுக்க வைத்து, பழியை என் தலையிலும் அம்மன் தலையிலும் போட்டானே பாவி. அதைக் கேட்டு நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன் என்று நினைத்தான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஏய், கோச்சிக்காத, நில்லு" என்றான். நிற்கவில்லை.

வீடு வந்து சேர மணி மூன்றாகிவிட்டது. கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீ வந்துடட்டும்னுதான் இருந்தேன். ஒக்காரு, சேந்து சாப்புடலாம்."

வெள்ளைப் பூவே இல்லாத ஒரு பொட்டலத்தை நினைத்துக்கொண்டு, ஆறு வருஷம் இந்த மனிதரை மட்டமாக எடை போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கு என்று கேட்டால் போய்வந்த கதையைச் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கும் முடியவில்லை. சோறு போட்டேன்.