சுட்டிக்காட்டாத விரல்

தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருக்கிறார் சுஹைர். குடிக்கமாட்டார். ஒரு கை சும்மா இருந்தாலும் திரையை நோக்கி நீண்டு, "அதோ, அந்தப் பொத்தான்" என்று காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஜோர்டானின் இர்பித் நகரில், பள்ளி ஆசிரியர்களுக்காகக் கணினித் திரைக்குள்ளேயே இயங்கும் ஆய்வுக்கூடம் செய்யும் சின்ன நிறுவனத்தில் வேலை. பள்ளிகளுக்கு அனுப்பும் முன் ஆசிரியர்கள் வந்து திரையிலேயே கம்பியும் பல்பும் இணைத்துப் பார்ப்பார்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பின்னால் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். உதவி மட்டும் கூடாது. வாயாடியான சுஹைருக்கு இதைவிடக் கடுமையான நோன்பு கிடையாது.

ஆசிரியர்களிடமிருந்து உண்மையைக் கறப்பது அதைவிடப் பெரும்பாடு. விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் குறைவு என்று இந்த ஊரில் யார் சொல்வார்கள்? ஒன்றும் புரியாமல் விழித்துவிட்டு, ஸைதின் அம்மா என்ற முறையில் அவரை விளித்து, "அருமை, உம் ஸைத்! செஞ்ச கைக்கு ஆண்டவன் பலம் கொடுக்கட்டும்" என்பார்கள். அதனால் சுஹைரே முந்திக்கொள்வார்: "நான் செஞ்சதில்ல இது. செஞ்ச பய உள்ள பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கான். தாராளமா திட்டுங்க." திட்டு விழ விழ முகம் மலரும்.

போன மாதம் இயற்பியல் ஆசிரியர் நவாஃப் வந்தார். திரையில் மின்சுற்று தயாராக இருந்தது; ஒரு கம்பியை இணைத்தால் பல்பு எரியும். ஆனால் வகுப்புக்குள் நுழைந்ததும் பலகையைத் துடைத்துப் பழகிய கை அல்லவா? முதல் வேலையாக ஓரத்திலிருந்த அழிப்பானைத் தொட்டார். சுற்று மொத்தமும் காணாமல் போயிற்று. மறுபடி திறந்தார், மறுபடி துடைத்தார்.

"இது நமக்கு எட்டாதும்மா. சின்ன வயசு ஆளா பாத்துக் கூப்பிடுங்க" என்று எழுந்துவிட்டார்.

"பரீட்சை உங்களுக்கு இல்ல உஸ்தாத், அந்தப் பொட்டிக்கு. அதுதான் பெயிலு!" என்று வாத்தியாரை மறித்தார் சுஹைர்.

அவர் நிற்கவில்லை. காது சிவக்கப் போனவரைப் பார்த்து சுஹைருக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பள்ளி திறந்தபின், பிள்ளைகள் முன்னால் இப்படி நடந்தால் அந்த மனிதர் கணினிப் பக்கமே திரும்புவாரா?

நிரல் எழுதும் கஸ்ஸான் சிரித்தான். "துடைக்காதீங்கன்னு ஒரு வரி போட்டுட்டாப் போச்சு."

"பலகையைத் துடைக்கிறது அவங்களுக்கு ஆண்டவன் பேரால ஆரம்பிக்க பிஸ்மில்லா சொல்ற மாதிரிடா. சாப்பிட உக்கார்றவன்கிட்ட அதைச் சொல்லாதேன்னு எழுதி ஒட்டுவியா?"

கஸ்ஸான் முறுக்கிக்கொண்டான், முணுமுணுத்தான், கடைசியில் மாற்றினான். இப்போது அழிப்பான் திரையில் கிறுக்கிய எழுத்தை மட்டும்தான் அழிக்கும்.

நவாஃபைத் திரும்ப வரவழைக்கத்தான் நாலு முறை கெஞ்ச வேண்டியிருந்தது. "திட்டுறதுக்கு ஆள் இல்லாம தவிக்கிறோம் உஸ்தாத்" என்றதும் இறங்கிவந்தார்.

இன்றும் முதலில் துடைத்தார். கிறுக்கல்கள் போயின, சுற்று அப்படியே நின்றது. கம்பியை இணைத்தார். பல்பு எரிந்தது. உற்சாகத்தில் எழுந்தவர், இருக்கும் இடத்தையே மறந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்ப ஏன் எரிஞ்சுது? யார் சொல்றீங்க?"

சுஹைர் கோப்பையைக் கீழே வைத்தார். முதல் வரிசைப் பிள்ளை மாதிரி விரலை உயர்த்தினார்.