ஒட்டகத்தின் கல்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். நெடுந்தூர வண்டி ஓட்டுகிறவர். நடுவழியில் ஒதுங்க நிறுத்த வேண்டிவருமே என்று, புறப்பட்டால் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார். "ஒரு டம்ளர் ஊத்தினா ஒரு வாரம் ஓடும்" என்று நடத்துனர்கள் கேலி செய்வதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

மனைவி நர்ஸ். கடல் தாண்டி, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒரு வருஷம் என்று போனவள். ஒப்பந்தம் நீண்டுகொண்டே போகிறது.

விடுமுறை நாளில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், யாரோ எதையோ செருகித் திருகியதுபோல இருந்தது. வாயுப்பிடிப்பு என்று உட்கார்ந்தார். முடியவில்லை. படுத்தார், புரண்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலி இடுப்பைச் சுற்றி அடிவயிற்றுக்கு இறங்கியது. குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தார். சிறுநீரகத்தில் சின்னக் கல் இருக்கிறது, தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் முன்பே சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டது அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா? மூச்சு ஏன் இப்படி வாங்குது? கல்லா?"

அவரிடமிருந்து ஒரு முனகல்தான் வந்தது. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"டாக்டர் குடுத்த வலி மாத்திரை மேல் டிராயர்ல இருக்கும். அவர் சொன்ன அளவுதான், கூடப் போடாதீங்க. தண்ணிய மடக்கு மடக்கா குடிங்க. காய்ச்சல், குளிர் இருக்கா? ஒண்ணுக்குப் போகுதா?"

"காய்ச்சல் இல்ல. போகுது, எரியுது."

"சுடுதண்ணிப் பைய துணி சுத்தி வைங்க. இடுப்புல இல்ல, கொஞ்சம் மேல. இன்னும். வலி எங்க இழுக்குதோ அங்க."

வைத்தார். சரியான இடம்தான். இத்தனை தூரத்திலிருந்தும் அவர் உடம்பு அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. ஆனால் பை பையாகவே கிடந்தது. கையென்றால் தடவும், அழுத்தும், நடுவில் நின்று யோசிக்கும்.

திடீரென்று அந்தப் பக்கம் மணி அடித்தது. "வைக்காதீங்க, வந்துடறேன்" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். யாரோ ஒரு கிழவரிடம் அந்த ஊர் மொழியில் பேசினாள். ஒரு சொல்கூட இவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குழைவு தெரியும். கல்யாணமான புதிதில் இவர் காய்ச்சலில் கிடந்தபோது கேட்ட குரல். முகம் தெரியாத அந்தக் கிழவர்மேல் பொறாமை வந்தது. தலையணையைத் தட்டும் சத்தம் கேட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தவளிடம், "வலி குறையல" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப வீட்ல வச்சுப் பாக்கக் கூடாது. மாடி எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுங்க."

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "வண்டி ஓட்டுறவரை நான் வச்சு ஓட்டணுமா, நல்ல காலம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஊசி போட்டதும் வலி வடிந்தது. ஸ்கேன் பார்த்தார்கள். சின்னக் கல்தான், தானே இறங்கிவிடும் என்றார்கள்.

கல் இறங்கும்வரை அவள் தினமும் இடைவேளைகளிலெல்லாம் கூப்பிட்டாள். என்ன குடித்தீர்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு, பேச்சு எங்கெங்கோ போகும். வீட்டு ஜன்னல் கொக்கி வரைக்கும் விசாரிப்பாள். இரண்டு பேரும் இவ்வளவு பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஒரு காலையில் கல் விழுந்தது. மிளகு அளவுகூட இல்லை.

"கல்லு வந்துருச்சு" என்றார். அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, "நீ எப்ப வருவ?"

அவள் மெதுவாக, "இப்ப வலி சுத்தமா இல்லையே?" என்று கேட்டாள்.

வலி இல்லை என்று சொல்ல அவருக்கு மனமே வரவில்லை.