அம்மா வாங்கிய மார்க்

அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது என்று சிதம்பரத்து டாக்டர் சொன்ன அன்றைக்கே, கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டில் உப்புக்குத் தடை வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. அப்பாவின் பீடிக்கட்டை அம்மா அடுப்பில் போட்டாள். அப்பா கடையில் பஜ்ஜி தின்கிறாரா என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. எட்டு வயதிலேயே கோள் சொல்வது எனக்குக் கைவந்த கலை.

ஆனால் துறைமுகத்துப் பக்கம் முதுநகரில் அப்பாவின் அக்கா இருந்தார். தம்பிக்குக் கருவாடு என்றால் உயிர் என்று அத்தைக்குத் தெரியும். பிரஷர் என்று சொன்னால், "அதெல்லாம் டாக்டருங்க கட்டுற கத" என்பார். ஞாயிறு தவறாமல் ஒரு பை கருவாடு வந்துவிடும். நாத்தனார் கொடுத்ததைத் திருப்பி அனுப்பினால் வம்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் சைவம். குப்பையில் போட அம்மாவுக்கு மனசு வராது. வீட்டில் வைத்தால் அப்பா மோப்பம் பிடித்துவிடுவார். அதனால் அப்பா லாரி ஷெட்டுக்குக் கிளம்பியதும் அதை வறுத்து, பழைய சோற்றோடு இரண்டே நாளில் தானே தின்று தீர்ப்பாள். பிறகு வீடெல்லாம் சாம்பிராணி. இவளுக்கு எப்போது இத்தனை பக்தி வந்தது என்று அப்பா ஆச்சரியப்படுவார்.

எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். "அப்பாகிட்ட சொல்லிடாதடீ, என்னா" என்பாள். சாயங்காலமானால் தலைவலி என்று நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். கேட்டால் வெயில் என்பாள். நானும் நம்பினேன்.

கோடை விடுமுறையில் மறுபடி சிதம்பரம் போனோம். நர்ஸ் அக்கா அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, "நூத்தி நாப்பது, நல்லா கொறைஞ்சிருக்கு" என்றார். எனக்கும் கட்டு என்று நான் அடம்பிடித்தேன். என் குச்சிக் கையில் பட்டை நிற்கவில்லை. அழுகையை நிறுத்த, விளையாட்டாக அம்மாவின் கையில் கட்டினார். அவர் சிரிப்பு நின்றுபோனது. இன்னொரு தடவை கட்டிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

"நூத்தித் தொண்ணூறு சார்."

"அம்மாதான் ஃபர்ஸ்ட்!" என்று நான் கை தட்டினேன்.

"சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தியாம்மா?" என்றார் டாக்டர்.

"எங்க வூட்ல உப்பே கெடையாது சார்" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

கடலூர் பஸ் ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. கருவாடு, பழைய சோறு, சாம்பிராணி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "வீணாப் போவுதேன்னு தின்னேங்க" என்றாள் அம்மா. அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. மார்க்கில் அம்மாவிடம் தோற்றுவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது.

"அழாதப்பா, அடுத்த தடவ நீதான் ஃபர்ஸ்ட் வருவ" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.