தையல்காரியின் டம்ளர்

“வியாதி எனக்கு. பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் வகுப்பு?”

குடிப்பழக்கத்துக்கான சிகிச்சை இல்லத்துக்கு வந்த முதல் நாள், குழந்தைகள் அறையின் வாசலில் நின்றுகொண்டு தையல்காரி கேட்டாள். இடுப்பில் ஒரு துணிப்பை. அந்தப் பையின் காதைப் பிடித்தபடி அவள் மகள்.

“வகுப்பு இல்லக்கா, விளையாட்டு,” என்றாள் டீச்சர். குழந்தைகளோடு விளையாடுவதே அவளுக்கு அங்கே வேலை.

“விளையாட வீட்டுலயே இடம் இருக்கே.”

“இருக்கு. விளையாடுறாளா?”

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். “குடிகாரி பெத்ததுன்னு அவ நெத்தியில எழுதி ஒட்டிடுவீங்களோன்னு பயமா இருக்கு,” என்றாள்.

“யார் நெத்தியிலயும் எதையும் ஒட்ட மாட்டோம். நீங்க தேறி வர்றப்பவே அவளையும் பாத்துக்கணும். நாளைக்கு அவளுக்கு இந்தக் கஷ்டம் வரக் கூடாதுல்ல.”

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க சட்டையிலதான் இடது தோள் ஒரு விரல் இறக்கம். எந்தப் புண்ணியவான் தைச்சது?” என்றவள், பதிலுக்குக் காத்திராமல் மகளின் தலையை மெல்ல உள்ளே தள்ளிவிட்டாள்.

அந்த இல்லத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்குவார்கள். காலையில் தாய்மார்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது, பிள்ளைகள் பக்கத்து அறையில் விளையாடுவார்கள். சனிக்கிழமை குடும்பத்தார் வருவார்கள். தாயை மட்டும் தேற்றி அனுப்புவது, ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைக்கிற கதை என்று அங்கிருந்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

தையல்காரியின் மிஷின் வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தது. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை, எது வந்தாலும் தைப்பாள். கணவன் லாரி ஓட்டப் போனால் திரும்பி வர நாளாகும். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போன ஒரு மாலையில், தூக்கம் வரட்டும் என்று ஒரு மடக்கு குடித்தாள். பிறகு அந்த மடக்கு தினமும் தன் பங்கைக் கேட்டது. பாட்டில் வெட்டுத்துணி மூட்டைக்குள் குடியேறியது. ஆண் குடித்தாலே ஊர் வாய் சும்மா இருக்காது. பெண் குடித்தால் அதற்கு விருந்துச் சாப்பாடு. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தாள். சாத்திய கதவுக்கு உள்ளே மகளும் இருந்தாள்.

ஒரு காலை, பிள்ளைகள் டீக்கடை வைத்து விளையாடினார்கள். மகள்தான் முதலாளி. வெறும் பிளாஸ்டிக் கப்புகளை வரிசையாக வைத்து ஆற்றினாள். ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி முகர்ந்தாள். “நல்லா இருக்கு, குடிங்க,” என்று நீட்டினாள். பொம்மைக்கு வைத்த கப்பையும் விட்டுவைக்கவில்லை.

“எதுக்குடா மோந்து பாக்குற?” என்று டீச்சர் கேட்டாள்.

“நான்தான பாக்கணும்? அப்பா சொல்லியிருக்காரு.” டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வந்தார். டீச்சர் பேச்சை எடுத்ததுமே அவருக்கு முகமெல்லாம் பெருமை. “எங்க வீட்டுப் போலீசே அவதான் டீச்சர்! அம்மா டம்ளரைக் கீழ வெச்சா மோந்து பாத்துட்டு, எனக்குப் போன்ல டக்குன்னு சொல்லிடுவா.”

டீச்சர் டீக்கடை விளையாட்டைச் சொன்னாள். பொம்மையின் கப்பையும் சொன்னாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“நான் வண்டியில போயிட்டா வேற யாரு பாக்குறது? சுவரா பாக்கும்?”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரி வாய் திறந்தாள்.

“எங்கப்பா டம்ளரை நான்தாங்க மோந்து பாப்பேன். எங்கம்மா அனுப்புவா, ‘போயி என்னன்னு பாத்துட்டு வாடி’ன்னு. மோந்து மோந்து அந்த வாடை எனக்கு வீட்டு வாடை ஆயிடுச்சு. முதுகு வலிச்ச அன்னிக்குக் கை தானா அதைத்தான் தேடிப் போச்சு. தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடி பாயும்பாங்க. என் குட்டி பாய வேணாங்க.”

அவர் மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்தார்.

“போலீசம்மா, உங்களுக்கு இன்னையோட ரிட்டயர்மென்ட். இனிமே அம்மாகிட்ட நானே கேட்டுக்குவேன். அம்மாவும் தானே சொல்லிடுவா.”

மகள் யோசித்தாள். “பென்ஷன் உண்டா?”

“உண்டு. வாரா வாரம் ஐஸ்கிரீம்.”

“ரெண்டு?”

“ரிட்டயர் ஆனதும் பேராசையைப் பாரு!” என்று தையல்காரி சிரித்தாள். இல்லத்துக்கு வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் மூக்கு அவ்வளவு சுலபத்தில் ரிட்டயர் ஆகவில்லை. டீக்கடையில் கப்புகள் பழையபடி மூக்குவரை போயின. பிறகு பாதி வழியில் நின்றன. ஒருநாள் அவள் ஒரு கப்பை நேராக வாய்க்குக் கொண்டுபோய், ‘சர்ர்’ரென்று உறிஞ்சி, “சர்க்கரை பத்தல!” என்று கத்தினாள். டீச்சர் இல்லாத சர்க்கரையை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள்.

அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மாதம் ஒருமுறை தையல்காரி இல்லத்துக்கு வந்து புதிய தாய்மார்களோடு உட்காருவாள். டீச்சரின் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தோளைச் சரிசெய்து கொண்டுவந்தாள். “இப்பத்தான் நேரா நிக்கிறீங்க,” என்றாள்.

பள்ளி திறந்து முதல் வாரம். சீருடைத் துணி மூட்டை மூட்டையாகக் குவிந்தது. கணவன் வெளியூரில். அப்போது ஒரு மதியம், தையல்காரி தனியாக வந்தாள். குழந்தைகள் அறையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பேசும் முன்பே வாடை பேசிவிட்டது.

“ரெண்டு மடக்கு. மிச்சத்தைக் கொட்டிட்டேன். கொட்டினதைப் பெருமையாச் சொல்ல வரல.”

“வந்துட்டீங்கள்லக்கா. அது போதும்.”

“தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனிச் சாண் என்ன முழம் என்னன்னு நினைச்சேன். அப்புறம் கடிகாரத்தைப் பாத்தேன். ஸ்கூல் விட இன்னும் ஒரு மணி நேரம். வந்ததும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்குவா.” முந்தானையால் வாயைத் துடைத்தாள், துடைத்தால் போகிற வாடையா அது? “திரும்ப அவ போலீஸ் வேலைக்குப் போயிடுவா டீச்சர்.”

டீச்சர் எழுந்து, பள்ளிக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டாள். தையல்காரி அவள் கையைப் பிடித்தாள்.

“அவளை இங்க கூட்டிட்டு வாங்க. வழியில எதையும் சொல்லிடாதீங்க. அவ மூக்கு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி என் வாய் சொல்லிடணும். சொல்றப்ப எம் பக்கத்துல உக்காராதீங்க டீச்சர். அவ பக்கத்துல உக்காந்துக்கங்க.”