தலையீத்துக் கார்

மலாயாவில் லாபு ரப்பர் தோட்டத்தில் மாட்டுப்பால் கறந்து விற்ற முனியாண்டி யாரையும் நம்பமாட்டார். ஜப்பான்காரன் வாழைமரம் போட்ட நோட்டை அச்சடித்துக் கொடுத்தபோது, அதை முகர்ந்து பார்த்துவிட்டு மாட்டின் மூக்கருகே நீட்டினாராம். மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு அரிசியோ உப்போ கொண்டுவந்தால்தான் பால்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "கிராணி ஐயா, ஒரு காரு வாங்கப் போறேன். கூட வாங்க" என்றார்.

நான் ஊரிலிருந்து வந்து, தோட்டத்துக் கணக்கு எழுதிக்கொண்டு இங்கே மாட்டிக்கொண்ட கிராணி. யுத்தத்தால் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை.

"காரா? எதுக்கு?"

"மாப்ளைக்கு. வண்டி ஓட்டுறவங்கள சயாமுக்குப் புடிக்கறதில்லையாம். கெழங்கு ஏத்த ஆள் வேணும்னு விட்டுடறாங்களாம்."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. அதான் சந்தேகமா இருக்கு. வேற வழி?"

அவர் மகள் செல்லத்துக்குக் கல்யாணமாகித் தலைத் தீபாவளிகூட வரவில்லை. மருமகன் சந்திரன் தோட்டத்து லாரியில் கொஞ்சம் ஓட்டிப் பழகியவன். பால்மரம் வெட்டி ரப்பர் எடுக்கும் வேலை நின்றுபோனதால் சும்மா இருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அப்படிச் சும்மா இருப்பவர்கள்தான். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

கார், ஓடிப்போன ஒரு துரையுடையது. கூரை இல்லாமல், இரண்டே பேர் உட்காரும் வேகக் கார். பெட்ரோல் கிடைக்காததால் ஜப்பான் ஆபீசே வேண்டாமென்று தள்ளிவிட்டது. சிரம்பானில் பட்டறை வைத்திருந்த தங்கராஜு அதை எடுத்துப் பின்னால் ஒரு கரி அடுப்பை மாட்டி, கரிப்புகையில் ஓடும்படி செய்திருந்தான். லாரிகளுக்கு உயரமான அடுப்பு மாட்டி அவனுக்குப் பழக்கம். காருக்கென்று குட்டையாக, புது மாதிரியாகச் செய்தது இதுதான் முதல். விலையாக அவன் கேட்டது முனியாண்டியின் செவலைப் பசுவை. கறவையில் இருந்தது அது ஒன்றுதான்.

"புதுசா மாத்தின வண்டியை முதல் வருஷம் வாங்கவே கூடாது" என்றேன். துரை பங்களாவில் கிடந்த மோட்டார் பத்திரிகையில் படித்தது. "அதிலுள்ள கோளாறெல்லாம் முதலில் வாங்குகிறவன் தலையில்தான் விடியுமாம்."

"தலையீத்து மாடு மாதிரி. மொதக் கன்னு போட்டது எவ்வளவு கறக்கும், எப்ப ஒதைக்கும்னு வித்தவனுக்கே தெரியாது."

பட்டறைக்குப் போனதும் முனியாண்டி காரைச் சுற்றி வந்து அடுப்பு மூடியின்மேலும் அடியிலும் கையை வைத்தார்.

"சூடா இருக்கு."

"வெயில்ண்ணே" என்றான் தங்கராஜு.

"வெயிலு மேலேருந்துதான அடிக்கும்? அடியிலயும் சூடா இருக்கே. எங்களுக்காக முன்னாடியே கெளப்பி வச்சியா?"

தங்கராஜு துணியை எடுத்து மூடியைத் துடைத்தான். மாடு விற்கிறவர்கள் ஒரு நேரம் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கவைத்துச் சந்தைக்கு ஓட்டிவருவார்கள். அந்த ஏமாற்றைக் கண்டுபிடித்துப் பழகியவரிடம் இது செல்லுமா?

மறுநாள் விடிந்ததும், சந்திரனையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் போய் நின்றோம். அடுப்பு ஜில்லென்று இருந்தது. தங்கராஜு கரியைப் பற்றவைத்து, காற்று ஊதும் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான். வெகுநேரம் இருமிவிட்டுக் கார் உறுமியது. சந்திரன் முகம் மலர்ந்தது. மாமனார் முகம் மலரவில்லை.

"நிறுத்து. இப்ப மாப்ள கெளப்பட்டும். நீ அந்தப் பாசாரு கடைங்களுக்குப் பின்னாடி போய் நில்லு."

"நான் எதுக்குண்ணே போவணும்?"

"கன்னு கண்ணுல பட்டாத்தான் சில மாடு சொரக்கும். இதுக்கு நீதான் கன்னோ என்னமோ."

தங்கராஜு முணுமுணுத்துக்கொண்டே போனான். சந்திரன் கரி போட்டான், ஊதினான், சுற்றினான். ஒருவழியாகக் கிளம்பிய கார் மேட்டில் பாதி ஏறியதும் நின்றுவிட்டது. முகமெல்லாம் கரியோடு அவன் இறங்கி வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

"நல்லவேளை, மாடு தப்பித்தது" என்றேன்.

முனியாண்டி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கிடுறேன்" என்றார்.

"ஓடலையே!"

"நல்லா ஓடுற வண்டிய ஜப்பான்காரன் புடுங்கிக்குவான். அப்பப்ப நிக்கிற வண்டின்னா, அதுகூடவே ஒரு ஆளு இருந்தாவணும். அந்த ஆளு என் மாப்ள."

இதைத் தங்கராஜுவிடம் சொல்ல முடியுமா? வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். இப்போது சந்தேகம் அவனுக்குத் தொற்றிக்கொண்டது.

"நேத்து சூட்டுக்கே அந்தக் கேள்வி கேட்டீங்க. இன்னிக்கு மேட்டுல நின்ன வண்டிய வாங்குறேங்கிறீங்க. மாட்டுக்கு என்னா சீக்குண்ணே?"

"ஒரு சீக்கும் இல்ல."

"நாளைக்கு வந்து நானே கறந்து பாக்கறேன்லா. அப்புறம் பேசுவோம்."

சொன்னபடி மறுநாள் காரிலேயே லாபுவுக்கு வந்தான். கொட்டகையில் அவன் செவலையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆள்பிடிக்கிற மண்டோர் நல்லசாமி ஒரு ஜப்பான் சிப்பாயோடு, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் வந்தார். சந்திரனைக் கண்டதும் நின்றார்.

"இந்தப் பையன் சும்மாத்தான இருக்கான்?"

"டிரைவருங்க மண்டோரே. அதோ, மாப்ள காரு" என்றார் முனியாண்டி.

நல்லசாமி காரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தங்கராஜுவைப் பார்த்தார். "ஏம்பா, யாரு காரு இது?"

மாடு இன்னும் கைமாறவில்லை. தன்னுடையது என்று தங்கராஜு சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. அவன் சந்திரனையும், லய வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்லத்தையும் பார்த்தான்.

"அவங்களுதுதான். மாட்டுக்கு மாத்தியாச்சு."

சிப்பாய் கையால் சுற்றிக் காட்டினான். ஓட்டிக் காட்டு என்கிறான் என்பது எல்லாருக்கும் புரிந்தது. சந்திரன் போய்க் கைப்பிடியைப் பிடித்தான். தான் நின்றால் சந்தேகம் வருமென்று நினைத்தோ என்னவோ, தங்கராஜு நைசாகக் கொட்டகைக்குப் பின்னால் நழுவப் பார்த்தான்.

"எங்கப்பா போற? இங்கேயே நில்லு! கண்ணுல படுற மாதிரி நில்லு!" என்று கத்திவிட்டார் முனியாண்டி.

வந்த சூடு ஆறாத கார் இரண்டாவது சுற்றிலேயே கிளம்பியது. சிப்பாய் சிரித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். சந்திரன் அவனை ஆபீஸ் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். நாளை முதல் காலி இருக்கையில் கிழங்கு மூட்டை ஏற்ற வரவேண்டுமென்று உத்தரவு. சயாமுக்கு ஆட்களை ஏற்றிய லாரி அவன் இல்லாமல் புறப்பட்டது.

தங்கராஜு செவலையைப் பிடித்துக்கொண்டு போனான். அப்போதும் கறந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.

சந்திரன் அந்தக் காரை ஓட்டியதைவிடத் தள்ளியது அதிகம். முனியாண்டி அதில் ஒருநாளும் ஏறவில்லை. சிரம்பானுக்குப் போகவேண்டி வந்தால், காருக்கு முன்னாலேயே புறப்பட்டு நடப்பார். வழியில் அது அவரைத் தாண்டிப் போனால், கண்ணை விட்டு மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, மறுபடி நடப்பார்.