மூடிக்குள் ஒரு கோடு

எஞ்சின் சண்டித்தனம் செய்தால் முதலில் பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டும், அப்புறம் பிளக்கை, அப்புறம் ஒயரை. ஓட்டுகிறவனைக் கடைசியில்தான். திருச்சிப் பட்டறையில் தொழில் பழகியபோது என் மண்டையில் ஏறிய வரிசை இது. எங்கள் வீட்டில் அதைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். வண்டி நின்றால் டிரைவர், வரப்பு உடைந்தால் டிரைவரின் தெரு. மாடு பால் குறைத்தால்கூட அண்ணனின் கண் அந்தத் தெருப் பக்கம்தான் போகும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருப்பனந்தாளுக்குக் கிழக்கே எங்கள் ஊர். குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவனை நினைத்தபோது நிலத்தை விட்டு இறக்க முடியாது. அதனால் குத்தகைக்கு விட்டிருந்தவர்களெல்லாம் திடீரென்று 'சொந்தப் பண்ணைதான், எவனும் உழவில்லை' என்று சாதிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஆற்றங்கரை வயலை எங்கள் அப்பா காலத்திலிருந்து உழுதுவந்தவர் எங்கள் டிரைவரின் தகப்பனார். அவரும் மனுக் கொடுத்திருந்தார். விசாரணைக்குத் தாசில்தார் வரப்போவதாகப் பேச்சு.

மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லி அண்ணன் ஆள்மேல் ஆள் விட்டுப் பார்த்தார். பெரியவர் மசியவில்லை.

பெரியவர் எங்களை 'ஆண்டே' என்று கூப்பிட்டுப் பழகியவர். மகன் 'சார்' என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணனுக்கோ காதில் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். ஆனாலும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ராணுவ ஏலத்தில் எடுத்த எங்கள் பழைய பிக்கப்பை என்னையும் அவரையும் தவிர யாராலும் ரோட்டில் நேராக வைத்திருக்க முடியாது.

தை அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், நெல் மூட்டையோடு மில்லுக்குப் போன வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிட்டது. சீராக ஓடாமல் நொண்டியது. நடுநடுவே சைலன்சரில் டப்பென்று வெடித்தது. பட்டறையில் இதை மிஸ்ஸிங் என்போம்.

வாசலுக்கு வந்தால், களத்தில் நாற்காலி போட்டு ஸ்டேஷன் ஏட்டு காபி குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அண்ணன். எங்கள் வீட்டில் காக்கிச்சட்டை காபி குடிப்பது புதிதில்லை. இத்தனை சீக்கிரம் குடிப்பதுதான் புதிது.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் அண்ணன், வண்டி நிற்பதற்கு முன்பே. "மனுக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகிட்ட வண்டியைக் கொடுத்தா இப்படித்தான். ஏட்டய்யா, நீங்களே பாத்துக்குங்க."

அவர் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியைக் கெடுத்தான் என்று மகனை ஏட்டு கையில் பிடித்துக் கொடுத்தால், அவனை வெளியே எடுப்பதற்காகத் தகப்பன் மனுவை வாபஸ் வாங்குவான். வயல் தப்பிக்கும்.

ஆனால் டிரைவர்மேல் எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. அப்பனைப் படுத்துகிறவர்கள் வண்டியில் கைவைக்க யாருக்கும் தோன்றும், எனக்கே தோன்றும். அதோடு, மூட்டையோடு வண்டி படுத்தால் எந்த டிரைவரும் வரிசையாகக் காரணம் அடுக்குவான். இவர் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். "நீங்களே பாருங்க சார்" என்றதோடு சரி. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாடை இல்லை. சீனி போட்டிருப்பாரோ என்று கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். அதுவும் சுத்தம். எஞ்சினை ஓடவிட்டு, பிளக்குக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நல்ல சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் எஞ்சின் சத்தம் இன்னும் மோசமாகும். செத்த சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இருக்காது. அப்படி இரண்டு சிலிண்டர் செத்துக் கிடந்தன. நல்ல பிளக்கை எடுத்து அவற்றில் போட்டேன். செத்தவை செத்தபடியே இருந்தன. ஒயரை மாற்றினேன். அப்போதும் அப்படியே.

"அந்தக் கருப்பு மூடியைத் திறந்து பாரேன்டா" என்றார் அண்ணன்.

தலை நிமிர்ந்து பார்த்தேன். வண்டிக்குத் தண்ணீர் எங்கே ஊற்றுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கிட்டு அனுப்புவது அதுதான். எப்படியும் அடுத்து நான் அதைத்தான் திறந்திருப்பேன். குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மூடியைக் கழற்றி, பானட்டுக்குக் கீழேயே வைத்து, உள்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே தெரிய வழியில்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு கோடு, சாம்பல் நிறத்தில் பளபளத்தது. பனி ஈரத்தில் கரண்ட் தானாகவே வழி தவறிக் கரி படிவதும் உண்டு. அது வேர் மாதிரி கோணல்மாணலாக ஓடும், துடைத்தாலும் போகாது. இது நேர்க்கோடு. பென்சில் கோடு. பென்சில் கரியில் கரண்ட் பாயும். ஒரு சிலிண்டருக்குப் போக வேண்டியது குறுக்கே ஓடிவிடும், இரண்டும் படுத்துவிடும்.

திருச்சியில் புதுப் பையன்களை அலைக்கழிக்கப் பட்டறைக்காரர்கள் செய்யும் குறும்பு இது. ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்லியிருந்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் எஞ்சினோடு புழங்குகிற டிரைவருக்கும் இது தெரிந்திருக்கலாம். போட்டது யார்? மூடியைக் கையில் பிடித்தபடி நான் குழம்பி நின்றேன்.

"என்னடா, உள்ளே கோடு கீடு போட்டு வச்சிருக்கானா?" என்றார் அண்ணன், வண்டிக்கு அந்தப் பக்கம் ஏட்டுக்கு அருகில் நின்றுகொண்டே.

நான் இன்னும் வாயையே திறக்கவில்லை.

வயலுக்காக அவர் என்ன செய்தாலும் அதுவரை எனக்கென்ன என்றிருந்தவன்தான் நான். ஆனால் என் எஞ்சினுக்குள் பென்சிலால் கிறுக்கிவிட்டு, அதை என் வாயாலேயே ஏட்டிடம் சொல்ல வைக்கப் பார்த்தாரே, அதைத் தாங்க முடியவில்லை.

"கோடா? என்ன கோடுண்ணே?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

பெட்ரோலில் நனைத்த துணியால் உள்ளே ஒரு துடை துடைத்தேன். கோடு போய்விட்டது.

"பனி ஈரம்ணே. கரி பிடிச்சிருக்கு. ஏட்டய்யா, இதுக்குப் போய் உங்களைச் சிரமப்படுத்திட்டோம்."

அது பொய் என்பது, கோட்டைப் போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். அவரால் வாய் திறக்க முடியாது. "நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தாயிற்று என்றேன். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் மழமழவென்று ஓடியது. ஏட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் உள்ளே போய்விட்டார்.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். டிரைவர் மூட்டைக் கயிற்றை இறுக்கியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வழியிலேயே அந்த மூடியைத் திறந்து பாத்துட்டேன் சார்."

"பாத்தியா? அப்புறம் ஏன் துடைக்கல?"

"வண்டி நின்னதை ரோட்டுல நாலு பேரு பாத்தாச்சு. துடைச்சிட்டு வந்தா, என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படிடா தெரியும்பாங்க. துடைக்காம வந்தா, நீதான் போட்டேம்பாங்க. எப்படியும் நான்தான். அதான், நீங்க என்ன சொல்றீங்கன்னு பாப்போம்னு அப்படியே கொண்டாந்தேன்."

அந்த அமைதிக்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது. நான் அவரைச் சோதித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் என்னைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னைக் காப்பாத்துனீங்க. அவரையும் சேத்துக் காப்பாத்திட்டீங்க" என்றார். "அடுத்த தடவை அவரு பென்சில்ல போட மாட்டாரு சார்."

எனக்குச் சுருக்கென்றது. நன்றி சொல்வார் என்று நினைத்த இடத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். "வேற என்ன செஞ்சிருக்கணுங்கறே? ஏட்டுகிட்ட எங்கண்ணனைக் காட்டிக் குடுத்திருக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம் சார். தாசில்தார் வர்றன்னிக்கு வாங்க. யாரு உழுவுறான்னு கேட்டா, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. அது போதும்."

விசாரணை எங்கள் ஊர்ச் சாவடியில் நடந்தது. அண்ணனை பிக்கப்பில் நான்தான் கூட்டிப்போனேன். "நீ ஒண்ணும் பேச வேணாம். கூட உக்காந்திரு, போதும்" என்று வழியில் சொன்னார். அந்த ஒரு கோட்டைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசவில்லை.

சொந்தப் பண்ணைதான் என்றார் அண்ணன், கூசாமல். "நாந்தாங்க உழுவுறேன்" என்று மட்டும் சொன்னார் பெரியவர். தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பங்குதாரர்தானே? என்ன சொல்றீங்க?"

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். பாதிக்கு மேல் கோபம்தான். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருதாங்க உழுவுறாரு. எங்கப்பா காலத்துலேருந்தே அவருதான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுதுகிற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஸ்டார்ட் செய்து, அண்ணனுக்காகக் கதவைத் திறந்து வைத்தேன். அவர் ஏறவில்லை. "நீ போ" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். அதற்கப்புறம் நான் ஓட்டிய எந்த வண்டியிலும் அவர் உட்கார்ந்ததில்லை. பல வருஷம் கழித்து, மூச்சு முட்டி அவரைக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நாளிலும், நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததைப் பார்த்துக் கையை ஆட்டினார். "வேற யாரையாவது ஓட்டச் சொல்லு."

தகப்பனார் பெயரில் பதிவான ஆற்றங்கரை வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த டிரைவர் கூப்பிட்டதும் கை கால் கழுவிக்கொண்டு வந்து ஏறினார். அவர் ஓட்ட, அண்ணன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.